பழைய டார்ச் லைட்டின் வெளிச்சத்தை வீடியோ கேமில் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் டார்ச் என்று சொல்வது இழை பல்பு, குழிந்த ரிஃப்ளெக்டர், கட்டை பேட்டரி மூன்றும் சேர்ந்த பழைய டார்ச்சை. எல்இடி வருவதற்கு முந்தைய காலத்தில் கதை நடக்கிறது என்றால் அந்தக் காலத்தை ஆட்டக்காரருக்கு முதலில் உணர்த்துவது பெரும்பாலும் இந்த வெளிச்சம்தான். கணக்குகளை இரண்டு கட்டை டார்ச்சுக்குப் போட்டிருக்கிறோம். மற்ற டார்ச்சுகளுக்கு எண்ணை மாற்றினால் போதும், வழி அதேதான்.

ஒரு ஸ்பாட் லைட் வைத்து மஞ்சள் நிறம் கொடுத்தால் போதாதா?

போதாது. கேம் எஞ்சின் (கேமை உருவாக்கும் மென்பொருள்) தரும் ஸ்பாட் லைட்டில், அதாவது கூம்பாக ஒளி வீசும் லைட்டில், நடுவில் சீரான வட்டம் இருக்கும், ஓரத்தில் சீரான மங்கல் இருக்கும். பழைய டார்ச்சில் இந்தச் சீர் எங்கேயும் கிடையாது. மூன்று மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கூசும் ஒரு பொட்டு. அது வட்டமாக இல்லாமல் ஒரு பக்கமாக நீண்டிருக்கும், உள்ளே வில்லாய் வளைந்த கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அதைச் சுற்றி மங்கிக்கொண்டே போகும் வளையங்கள், சில இடங்களில் அறுந்து போனவை. அதற்கும் வெளியே அறை முழுக்கப் பரவிய மெல்லிய ஒளி, ஓர் எல்லையில் சட்டென்று நின்றுவிடும்.

இதை இரண்டு இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். ஒளியின் வடிவத்தை இழையிலிருந்தும் ரிஃப்ளெக்டரிலிருந்தும் எடுங்கள். அது மங்குவது, சிவப்பது, துடிப்பது எல்லாவற்றையும் பேட்டரியின் மின்னழுத்தத்திலிருந்து எடுங்கள். பிரகாசத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, துடிப்புக்கு ஒன்று எனத் தனித்தனி அனிமேஷன் வைத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் போலி என்று தெரிந்துவிடும்.

அந்த நடுப்பொட்டு ஏன் அப்படிக் கீற்றுக் கீற்றாக இருக்கிறது?

இழை ஒரு புள்ளியாக இருந்திருந்தால் பரவளைய ரிஃப்ளெக்டர் அதன் ஒளியை இணைகோடுகளாக அனுப்பியிருக்கும். ஆனால் இழை சுமார் 2 மி.மீ. நீளமுள்ள சுருள். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு இடமும் அந்தச் சுருளின் உருவத்தைத் தனித்தனியாகச் சுவரில் வீசுகிறது. இடம் மாற மாற உருவத்தின் அளவும் மாறும், சாய்வும் மாறும்.

50 மி.மீ. விட்டமும் 7 மி.மீ. குவியத் தூரமும் உள்ள ரிஃப்ளெக்டரை எடுத்துக்கொள்வோம். அடிப்பகுதி இழையிலிருந்து 7 மி.மீ. தள்ளி இருப்பதால் அங்கே கிளம்பும் உருவம் ஏறக்குறைய 16 டிகிரி அகலம். விளிம்பு 29 மி.மீ. தள்ளி இருப்பதால் அங்கிருந்து வருவது 4 டிகிரி மட்டுமே. சிறியவையும் பெரியவையும் நடுவில் ஒன்றாக விழும்போது மையம் கூர்மையாக எழுந்து, ஓரம் நீளமாக இழுபட்டு முடிகிறது. ஆகவே மங்கலாக்கிய வட்டம், அதாவது காஸியன் பிளர், ஒருபோதும் சரிவராது. அதன் உச்சி மொட்டையாக இருக்கும், வால் சீக்கிரம் அறுந்துவிடும்.

பல்பு குவியத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நகர்ந்தால் நடுவில் கருப்பு ஓட்டை விழும். அந்த நகர்வு ரிஃப்ளெக்டரின் நடுப்பட்டையிலிருந்து வரும் கதிர்களை சுமார் 4 டிகிரி விலக்கிவிடுகிறது. மையத்தை நிரப்ப வேண்டிய அடிப்பகுதியில் பல்புக்கான துளைதான் இருக்கிறது. மலிவு டார்ச்சைக் காட்ட நினைத்தால் இந்த ஓட்டையைக் கட்டாயம் வையுங்கள், கொஞ்சம் மையம் தவறியே வையுங்கள்.

வெளியே பரவும் ஒளி எவ்வளவு அகலம்? அதன் ஓரம் மங்கலா, கூர்மையா?

கூர்மை. ரிஃப்ளெக்டரில் படாமல் பல்பிலிருந்து நேரே வெளியேறும் ஒளி அது. ரிஃப்ளெக்டரின் விளிம்புதான் அதை வெட்டுகிறது. மேலே சொன்ன அளவுகளில் விளிம்பு இழையிலிருந்து 15.3 மி.மீ. முன்னாலும் 25 மி.மீ. பக்கவாட்டிலும் இருக்கிறது. அப்படியானால் அரைக்கோணம் 58 டிகிரி, முழுக்கோணம் 117. இந்தப் பக்க ஒளியை 40 டிகிரிக்குள் அடைத்துவிடுவது கேம்களில் அதிகம் பார்க்கும் தவறு. அடைத்தால் டார்ச் மறைந்து மேடை விளக்கு வந்துவிடும்.

எத்தனை லூமென் வைப்பது?

நினைப்பதைவிட மிகக் குறைவாக. இரண்டு கட்டை டார்ச்சுக்கான பிஆர்2 பல்பு 2.38 வோல்ட், 0.5 ஆம்பியர். அதன் மொத்த ஒளி ஏறக்குறைய 10 லூமென். மூன்று கட்டைக்கான பிஆர்3 சுமார் 19, ஆறு வோல்ட் லாந்தருக்கும் நான்கு கட்டைக்கும் போடும் பிஆர்13 சுமார் 28.

10 லூமெனில் 4 லூமென் 8 டிகிரி கூம்புக்குள் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் சராசரி 260 கேண்டெலா (ஒரு திசையில் ஒளியின் செறிவு). உச்சி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு, அதாவது 500 முதல் 800 வரை. 600 என்று வைத்தால் சுவரில் விழும் ஒளி ஐந்து மீட்டரில் 24 லக்ஸ், பத்து மீட்டரில் 6 லக்ஸ். பக்க ஒளியோ வெறும் 0.8 கேண்டெலா. 10 லூமெனை முழுக்கோளத்துக்கு வகுத்தால் கிடைப்பது அதுதான்.

600-க்கு 0.8 என்றால் 750 மடங்கு வித்தியாசம். அந்த விகிதத்தை அப்படியே வைத்தால் திரையில் பக்க ஒளி கண்ணுக்கே தெரியாது. ஆட்டக்காரர் இருட்டில் தடுமாறுவார். நேரில் கண் இருட்டுக்குப் பழகி அந்த ஒளியைப் பிடித்துவிடும், திரையால் அது முடியாது. பக்க ஒளியை நடுப்பொட்டின் நூறில் ஒன்றுக்கும் அறுபதில் ஒன்றுக்கும் இடையே உயர்த்துங்கள். இருபதில் ஒன்றைத் தாண்டினால் பார்க்க எல்இடி ஆகிவிடும்.

ஒளியின் வடிவத்தைப் படமாக எடுப்பது எப்படி?

லைட்டின் முன்னால் பிடிக்கும் இந்தப் படத்தைச் சில எஞ்சின்கள் குக்கி என்கின்றன, சில புரொஜெக்டர் என்கின்றன. கையில் பழைய டார்ச் இருந்தால் சுவரில் அடித்துப் போட்டோ எடுப்பதே சிறந்தது.

1. மினுமினுப்பில்லாத வெள்ளைச் சுவர், முழு இருட்டு. டார்ச்சைச் சுவருக்குச் செங்குத்தாக அசையாமல் கட்டுங்கள். பேட்டரிக்குப் பதிலாகப் பல்பின் மதிப்புக்குரிய நிலையான மின்வழங்கி கொடுங்கள். பேட்டரியில் விட்டால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் வெளிச்சம் மாறிவிடும்.
2. நடுப்பொட்டை 3 மீட்டரிலிருந்தும் பக்க ஒளியை 70 செ.மீ.யிலிருந்தும் தனித்தனியாக எடுங்கள். 117 டிகிரியை 3 மீட்டரிலிருந்து பிடிக்க ஏறக்குறைய 10 மீட்டர் அகலச் சுவர் வேண்டும்.
3. கேமரா டார்ச்சை ஒட்டி இருக்கட்டும். ரா கோப்பு, ஐஎஸ்ஓ 100, நிலைத்த வெள்ளைச் சமநிலை. 2 ஸ்டாப் இடைவெளியில் (ஒவ்வொன்றும் முந்தையதைவிட நான்கு மடங்கு ஒளி) ஐந்து எக்ஸ்போஷர் எடுத்து நேரியல் மதிப்பில் (ஒளி இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும் மதிப்பு) ஒன்றாக்குங்கள்.
4. லென்ஸின் ஓர இருட்டைத் திருத்துங்கள். சாய்வைச் சரிசெய்து, பக்க ஒளியின் வட்டத்துக்குப் படத்தின் மையத்தைப் பொருத்துங்கள். நடுப்பொட்டு மையம் தவறி நின்றால் அப்படியே விடுங்கள், அது அந்த டார்ச்சின் அடையாளம்.
5. ஒவ்வொரு பிக்சலையும் அதன் கோணத்துடைய கோசைனின் மும்மடியால் வகுங்கள்.

ஐந்தாவது படியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சுவரின் ஓரம் தொலைவில் இருக்கிறது, ஒளி அங்கே சாய்வாகவும் விழுகிறது. இரண்டும் சேர்ந்த மங்கல் போட்டோவுக்குள் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. எஞ்சினும் அதே மங்கலைக் கணக்குப் போட்டுச் சேர்க்கும். வகுக்காமல் விட்டால் 50 டிகிரியில் ஒளி வேண்டியதில் கால்வாசிக்கு விழுந்துவிடும். 10 டிகிரிக்குள் வித்தியாசம் ஐந்து சதவீதம்கூட இல்லை என்பதால் நடுப்பொட்டை மட்டும் பார்த்துச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது.

டார்ச் கிடைக்கவில்லை. வரையலாமா?

கையால் வரைந்தால் கீற்றுகளின் போக்கு தவறிவிடும். கதிர்களை எண்ணும் சிறு நிரல் எழுதுங்கள், எந்த மொழியிலும் நூறு வரிக்குள் முடியும்.

ஆழம் = ஆரத்தின் வர்க்கம் ÷ (4 × குவியத் தூரம்). இதுதான் ரிஃப்ளெக்டர். இழை 2 மி.மீ. நீளம், 0.3 மி.மீ. தடிமன், அச்சுக்குக் குறுக்காக, நடுவில் சற்றே வளைந்தது. இழையில் ஏதாவது ஒரு புள்ளி, ஏதாவது ஒரு திசை எடுங்கள். கதிர் ரிஃப்ளெக்டரில் பட்டால் எதிரொளியுங்கள், படாமல் வெளியேறினால் அப்படியே விடுங்கள். பல்பின் துளையில் விழுந்தால் கணக்கிலிருந்து நீக்குங்கள். வெளியேறும் திசையின் பக்கக் கூறுகளை முன்கூறால் வகுத்தால் கிடைக்கும் இரண்டு எண்கள் படத்தில் எந்தப் பிக்சல் என்று சொல்லும். அந்தப் பிக்சலில் ஒன்று கூட்டுங்கள். ஓர் எச்சரிக்கை: இப்படிக் கிடைப்பது சமதளச் சுவரில் விழும் எண்ணிக்கை. ஆகவே இங்கேயும் கோசைன் மும்மடியால் வகுக்க வேண்டும்.

512க்கு 512 படத்துக்கு ஐந்து கோடி கதிர் விட்டால் புள்ளிப் புள்ளியாகத் தெரியாது.

கச்சிதமான பரவளையத்தை விட்டால் படம் ஆய்வுக்கூடத்துக் கருவிபோல் இருக்கும். பழைய ரிஃப்ளெக்டர்கள் தகட்டை அச்சில் அழுத்திச் செய்தவை. பரப்பின் சாய்வில் 0.3 முதல் 0.8 டிகிரி வரை ஒழுங்கற்ற பிழை சேருங்கள். எதிரொளிப்பில் அது இரட்டிப்பாகும் என்பதால் 1 டிகிரியே அதிகம், கீற்றுகள் கரைந்துவிடும். ஆரத்தோடு ஏறி இறங்கும் சிறு அலை சேர்த்தால் வளையங்கள் வரும். இழையை அச்சிலிருந்து 0.3 முதல் 0.8 மி.மீ. நகர்த்தினால் பொட்டு ஒரு பக்கம் சாயும். இழையைத் தாங்கும் இரண்டு கம்பிகளையும் மறைப்பாக வையுங்கள். பக்க ஒளியில் எதிரெதிரே விழும் இரண்டு மங்கிய நிழல் பட்டைகள் அவற்றால்தான் வருகின்றன.

ஒரே லைட்டில் எல்லாவற்றையும் அடக்கலாமா?

அடக்கலாம், ஆனால் கீற்றுகளை இழப்பீர்கள். ஸ்பாட் லைட் தன் படத்தைக் கோணத்தின் டேன் மதிப்புப்படி விரிக்கிறது. 58 டிகிரி அரைக்கோண லைட்டில் 1024 பிக்சல் படம் வைத்தால் 4 டிகிரி ஆரமுள்ள நடுப்பொட்டுக்குக் கிடைப்பது 22 பிக்சல் ஆரம். அதற்குள் எந்தக் கீற்றும் நிற்காது. அதே பொட்டு 15 டிகிரி அரைக்கோண லைட்டில், 512 பிக்சல் படத்திலேயே 67 பிக்சல் பெறும்.

ஆகவே இரண்டு லைட். முதலாவது 15 முதல் 18 டிகிரி, நடுப்பொட்டும் அதன் வாலும். இரண்டாவது 58 டிகிரி, பக்க ஒளி மட்டும், 256 பிக்சல் படம் போதும். இரண்டின் நிறத்தையும் அளவையும் ஒரே மின்னழுத்த மதிப்பு இயக்கட்டும். முதல் லைட்டின் ஓரத்தில் படம் முழுக் கருப்புக்கு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு செயற்கை வளையம் தெரியும்.

மொபைலில் இரண்டு லைட் தாங்காது என்றால் 35 டிகிரி அரைக்கோணத்தில் ஒரே லைட், 1024 படம் என்று சமாதானம் செய்துகொள்ளுங்கள். பக்க ஒளியின் கூர்மையான ஓரம் அதிலும் இருக்கட்டும்.

எஞ்சினில் எந்த அமைப்புகளைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கோணம். யூனிட்டி எஞ்சினில் ஸ்பாட் கோணம் என்பது முழுக்கோணம். அன்ரியலிலும் கோடோவிலும் அரைக்கோணம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை அப்படியே நகலெடுத்தால் ஒளி இரண்டு மடங்காகவோ பாதியாகவோ மாறிவிடும்.

அடுத்து உள்கோணம், அதாவது ஓர மங்கல் தொடங்கும் கோணம். எஞ்சின் தானாகச் சேர்க்கும் ஓர மங்கலும் உங்கள் படமும் ஒன்றை ஒன்று பெருக்கிக்கொள்ளும். உள்கோணத்தை வெளிக்கோணத்தின் அருகே கொண்டுவந்து, வடிவத்தைப் படத்திடம் விட்டுவிடுங்கள்.

யூனிட்டியின் பழைய பில்ட்-இன் பைப்லைன் ஸ்பாட் குக்கியின் ஆல்ஃபா சேனலைப் படிக்கும். புதிய பைப்லைன்களான யூஆர்பி, எச்டிஆர்பி இரண்டும் நிறத்தைப் படிக்கும். யூஆர்பியில் குக்கி வந்தது 2021.2 பதிப்பில். பில்ட்-இன் பைப்லைனில் தூரத்துக்கான மங்கல் தூர வர்க்கப்படி இறங்காது என்பதால் மேலே சொன்ன லக்ஸ் கணக்கு அங்கே பொருந்தாது.

அன்ரியலில் இந்தப் படத்தைக் கொடுக்கும் இடம் லைட் ஃபங்ஷன் மெட்டீரியல். அளவைக் கேண்டெலாவில் கொடுங்கள். லூமெனில் கொடுத்தால் கூம்பின் கோணத்தை மாற்றும்போதெல்லாம் பிரகாசமும் சேர்ந்து மாறும்.

கோடோ 4-இல் ஸ்பாட் லைட்டின் புரொஜெக்டர் படம் வேலை செய்ய நிழல் இயக்கப்பட்டிருக்க வேண்டும். படம் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரில் இந்த வசதி கிடையாது. தூர மங்கலுக்கான அட்டென்யுவேஷன் மதிப்பை 2 ஆக்குங்கள். அதுதான் தூர வர்க்க விதிக்கு ஒத்தது.

எல்லா எஞ்சினிலும் படத்தின் ராப் முறை (படத்துக்கு வெளியே என்ன நிரப்புவது என்ற அமைப்பு) கிளாம்ப், ஓரத்தில் குறைந்தது இரண்டு பிக்சல் கருப்பு. ஒரு பிக்சல் வெளிச்சம் ஓரத்தில் மிஞ்சினாலும் அது கோடாக நீண்டு சுவரெங்கும் ஓடும்.

ஐஇஎஸ் கோப்பு போட்டால் ஆகாதா?

விளக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி தருகிறது என்று பதிந்த கோப்பு அது, கட்டட விளக்குகளுக்கு அருமையான வழி. ஆனால் அது சில டிகிரிக்கு ஓர் அளவு என்று எடுத்த பட்டியல். அரை டிகிரிக் கீற்றை அதில் எதிர்பார்க்க முடியாது. பக்க ஒளி லைட்டுக்கு மட்டும் வேண்டுமானால் பயன்படுத்துங்கள்.

இருண்ட பகுதி பட்டை பட்டையாகத் தெரிகிறது, ஏன்?

8 பிட் படத்தில் மொத்தம் 256 படிகள்தான். நடுப்பொட்டின் 750-இல் ஒன்று அளவுள்ள ஒளிக்குத் திரைக்கான எஸ்ஆர்ஜிபி குறியீட்டில் நான்கு படி கிடைக்கும், நேரியலில் ஒன்றுகூடக் கிடைக்காது. லைட்டை இரண்டாகப் பிரித்தாலே பாதிச் சிக்கல் தீரும், ஒவ்வொரு படமும் தன் முழு வீச்சையும் பயன்படுத்திக்கொள்ளும். மீதிக்கு 16 பிட் படம், அல்லது ஏற்றுமதிக்கு முன் ஒரு படி அளவுக்கு மெல்லிய இரைச்சல். கம்பிரஷன் போட்டபின் நான்கு பிக்சல் கட்டங்கள் தெரிந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் கம்பிரஷனை நீக்குங்கள். 512 அளவு ஒற்றைச் சேனல் படம் கால் மெகாபைட், அதைச் சேமித்து ஆவதொன்றுமில்லை.

நிறம் என்ன?

புதுப் பேட்டரியில் ஏறக்குறைய 2500 கெல்வின். எஸ்ஆர்ஜிபியில் 255, 161, 72 பக்கம். 3000 கெல்வினுக்கு 255, 180, 107. 2000 கெல்வினுக்கு 255, 137, 18.

இவை திரைக்கான குறியீட்டு எண்கள். நேரியல் மதிப்பு கேட்கும் இடத்தில் 255ஆல் வகுத்து மட்டும் போட்டால் 1, 0.63, 0.28 என்று வெளிறிப்போகும். சரியான நேரியல் மதிப்பு 1, 0.36, 0.065.

சரியாகப் போட்டதும் எல்லாம் ஆரஞ்சில் குளித்ததுபோல் தெரியும். அதற்காக லைட்டின் நிறத்தைத் தொடாதீர்கள். நேரில் அந்த ஒளி மட்டுமே இருக்கும்போது கண் பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தைக் கேமராவின் வெள்ளைச் சமநிலையில் கொடுங்கள், 3600 முதல் 4500 கெல்வினுக்குள் பொருத்தமாக இருக்கும். ஜன்னல் வழியாக நிலவொளி வந்தால் அது நீலமாகத் தெரிவதும் இதனால் தானாகவே கிடைக்கும்.

காட்சியின் ஒளியைத் திரையின் வீச்சுக்குள் அடக்கும் டோன்மேப்பரையும் பாருங்கள். மிகுந்த வெளிச்சத்தில் ஆரஞ்சு மஞ்சளாகி, பிறகு வெள்ளையாகவே வெளுத்துவிடும். மூன்று மீட்டர் சுவரில் உச்சிப்புள்ளி மட்டும் வெள்ளையைத் தொடலாம். பொட்டு முழுவதும் வெள்ளையானால் இவ்வளவு உழைத்து உருவாக்கிய கீற்றுகள் எல்லாம் போய்விடும்.

பேட்டரி இறங்குவதை எப்படிக் காட்டுவது?

ஒரு நேர்கோட்டில் பிரகாசத்தைக் குறைப்பது வழக்கமான தவறு. இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில் மாறுகிறது, நிற வெப்பநிலை 0.42ஆம் அடுக்கில். பல்பின் மதிப்புக்கு எத்தனை பங்கு மின்னழுத்தம் கிடைக்கிறது என்பதை வைத்து:

- 1.0: ஒளி 100%, 2500 கெல்வின்
- 0.9: ஒளி 70%, 2390 கெல்வின்
- 0.8: ஒளி 47%, 2280 கெல்வின்
- 0.7: ஒளி 30%, 2150 கெல்வின்
- 0.6: ஒளி 18%, 2020 கெல்வின்
- 0.5: ஒளி 9.5%, 1870 கெல்வின்

மின்னழுத்தம் பத்து சதவீதம் இறங்கியதும் ஒளி முப்பது சதவீதம் போய்விடுகிறது. அதன்பிறகு நெடுநேரம் சிவந்த மங்கலில் இழுத்துக்கொண்டே கிடக்கும். பழைய டார்ச்சைப் பிடித்திருக்கும் கலக்கத்தை ஆட்டக்காரருக்குக் கொடுப்பது அந்த நீண்ட இழுப்புதான்.

துத்தநாக–கார்பன் பேட்டரிக்கு இன்னொரு குணம் உண்டு, அணைத்து ஓய்வு கொடுத்தால் தேறிக்கொள்ளும். இதற்கு இரண்டு மாறிகள் போதும். ஒன்று மொத்தச் சேமிப்பு, மெல்ல மட்டுமே இறங்கும். இன்னொன்று களைப்பு, எரியும்போது சுமார் ஒரு நிமிடக் கால மாறிலியில் (மீதி தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடக்க ஆகும் நேரம்) 0.3 வோல்ட்டை நோக்கி ஏறும், அணைந்திருக்கும்போது பத்து நிமிடக் கால மாறிலியில் இறங்கும். பல்புக்குக் கிடைப்பது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தது. இப்படிச் செய்தால் ஆட்டக்காரர் டார்ச்சை அணைத்து இருட்டில் காத்திருந்து, திரும்பப் போடும்போது சில நொடிகளுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும். யாரும் சொல்லித்தராமலே அதைக் கற்றுக்கொள்வார்கள். சேமிப்பையும் களைப்பையும் எவ்வளவு வேகத்தில் ஓடவிடுவது என்பது உங்கள் கேமின் கால அளவைப் பொறுத்தது.

பேட்டரி இறங்குவதைச் சரியாக எழுதியும் திரையில் மங்கவே இல்லையே?

காரணம் கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷர். ஒளி குறையக் குறைய அது தூக்கிக் கொடுக்கிறது. குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளை ஒன்றாக்கிப் பூட்டுங்கள், அல்லது ஒரு ஸ்டாப்புக்கு மேல் நகராமல் கட்டுங்கள்.

போடும்போதும் அணைக்கும்போதும்? துடிப்பு?

எல்இடி சட்டென்று எரியும். இழை சூடேற வேண்டும். மின்னழுத்த மதிப்பை நேரே பயன்படுத்தாமல் 50 மில்லிநொடி கால மாறிலியுள்ள வடிகட்டி வழியாக அனுப்பி, அதன்பிறகு மேலே சொன்ன அடுக்குகளைப் போடுங்கள். போடும்போது ஒரு கணம் தயங்கி, சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு ஏறும். அணைக்கும்போது ஒளி உடனே விழுந்து, கடைசியில் ஒரு சிவந்த மிச்சம் மட்டும் நிற்கும்.

துடிப்புக்குப் பெரும்பாலும் ஒளியின் அளவை அங்குமிங்கும் குலுக்குகிறார்கள். அது கெட்டுப்போன டியூப் லைட்டைப் போல் இருக்கும். டார்ச் துடிப்பதற்குக் காரணம் துருப்பிடித்த ஸ்பிரிங், தேய்ந்த சுவிட்ச் தகடு, தளர்ந்த மூடி. எல்லாமே தொடர்பு விட்டு விட்டுச் சேர்வது. ஆகவே குலுக்கலை மின்னழுத்தத்தில் கொடுங்கள், அதுவும் வடிகட்டிக்கு முன்னால். இருபது மில்லிநொடி தொடர்பு விட்டால் இழை முழுதாக அணையாமல் சற்றே சிவந்து மீளும். அதை ஆட்டக்காரரின் அசைவோடு கட்டுங்கள். ஓடும்போது, விழும்போது, கதவில் மோதும்போது துடிக்கட்டும். சும்மா நிற்கும்போது துடிக்கவே வேண்டாம். தட்டினால் சரியாகும் என்று ஒரு பொத்தான் வைத்தால், தட்டும் நொடியில் தொடர்பை இரண்டு மூன்று முறை வெட்டிச் சேருங்கள்.

நிழல்கள் தட்டையாக இருக்கின்றன. என்ன செய்வது?

லைட் கேமராவின் இடத்திலேயே இருக்கிறது. நிழல்கள் எல்லாம் பொருள்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடுகின்றன. லைட்டை 20 செ.மீ. வலப்பக்கமும் 25 செ.மீ. கீழும் நகர்த்தி, ஆறு ஏழு மீட்டரில் பார்வைக் கோட்டோடு சேரும்படி திருப்புங்கள். கை திரும்பினால் லைட்டும் உருள வேண்டும். கீற்றுகள் டார்ச்சோடு சேர்ந்து சுழலும்போதுதான் அவை டார்ச்சுக்குள்ளிருந்து வருவதாகக் கண் நம்பும்.

இரண்டு லைட்டுகளின் நிழலும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. பக்க ஒளி சின்னஞ்சிறு இழையிலிருந்து நேரே வருவதால் அதன் நிழல் கூர்மை. நடுப்பொட்டு 50 மி.மீ. ரிஃப்ளெக்டர் முழுவதிலிருந்தும் வருவதால் அருகிலுள்ள பொருளின் நிழல் மென்மை. முதல் லைட்டின் மூல ஆரத்தை 2.5 செ.மீ., இரண்டாவதை ஏறக்குறைய பூஜ்யம் என வையுங்கள்.

அரை மீட்டருக்குள் சுவரை நெருங்கும்போது இன்னொரு குறையும் தெரியும். நிஜத்தில் அவ்வளவு அருகில் கீற்றுகள் இன்னும் ஒன்றுசேர்ந்திருக்காது, ரிஃப்ளெக்டரின் அளவில் ஒரு வளையம்தான் தெரியும். தூரத்தை ஒரு ரேகாஸ்ட்டால் (எதில் படுகிறது என்று பார்க்க விடும் கற்பனைக் கோடு) அளந்து, 30 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் இடையே நடு ஓட்டையுள்ள இரண்டாவது படத்துக்குக் கலந்து மாறுங்கள்.

எந்தக் காலத்துக்கு எந்த ஒளி?

டேவிட் மிசெல் குழாய் வடிவ டார்ச்சுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1899-இல். அப்போது பல்பில் கார்பன் இழை, பேட்டரியும் பலவீனம். தொடர்ந்து எரிக்க முடியாமல் கணநேரம் மின்னவிட்டதால்தான் ஆங்கிலத்தில் மின்னும் ஒளி என்று பொருள்படும் ஃப்ளாஷ்லைட் என்ற பெயர் வந்தது. இந்தக் காலத்துக்கு 2100 கெல்வினுக்குக் கீழே வையுங்கள், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் எரியட்டும், களைப்பு மாறியை வேகமாக ஓடவிடுங்கள். இவற்றில் பலவற்றின் முகப்பில் தடித்த குவிலென்ஸ் இருந்தது. அதன் ஒளியின் ஓரத்தில் மெல்லிய நிறப்பிரிகை வரும். ரிஃப்ளெக்டர் மட்டுமுள்ள டார்ச்சுக்கு நிறப்பிரிகை சேர்க்காதீர்கள், கண்ணாடி அங்கே தட்டையானது.

1910-களிலிருந்து டங்ஸ்டன் இழை. இந்தப் பக்கத்தின் கணக்குகள் அதற்கானவை. சட்டைப்பை பேனா டார்ச்சில் பல்பின் நுனியே லென்ஸ். அதற்கு ஒரு மீட்டரில் மங்கும் கலைந்த சிறு பொட்டு போதும், 58 டிகிரி பக்க ஒளி வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்தக் குக்கிப் படங்களை எடுக்கும்போது கவனம். நடு மிக மென்மையாகவும், பொட்டைச் சுற்றி மஞ்சள் வளையமும், வெளியே நீலச் சாயலும் இருந்தால் அது எல்இடி டார்ச்சிலிருந்து எடுத்தது.

தூசியிலும் மூடுபனியிலும் ஒளிக்கற்றை தெரிய வேண்டுமா?

கொஞ்சம். மூடுபனிக் கணக்குக்கு நடுப்பொட்டு லைட்டை மட்டும் விடுங்கள். பக்க ஒளியும் சேர்ந்தால் கேமராவை ஒட்டியுள்ள காற்று வெளுத்து, காட்சி முழுவதும் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். மூடுபனியின் கட்டங்கள் பெரியவை, கீற்றுகளை அவை தாங்காது, மினுமினுக்கும். அங்கே மட்டும் குக்கியின் மங்கலாக்கிய 64 பிக்சல் நகலைக் கொடுங்கள்.

கண்ணாடியில் கீறலும் அழுக்கும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் கீறலின் வடிவம் சுவரில் தெரியாது. கண்ணாடி ரிஃப்ளெக்டருக்கு மிக அருகில் இருப்பதால் அதிலுள்ள எதுவும் நடுப்பொட்டில் உருவமாக விழாது. அழுக்கு செய்வதெல்லாம் நடுப்பொட்டின் ஒளியைக் கொஞ்சம் திருடிச் சுற்றிலும் பரப்புவதுதான். நடுப்பொட்டில் பத்து சதவீதத்தைக் குறைத்து, வாலை அகலமாக்குங்கள். பக்க ஒளி கதை வேறு. அது புள்ளியிலிருந்து வருவதால், கண்ணாடியில் ஒட்டிய சேற்றுத் துளி அதில் நன்றாகவே நிழலாகத் தெரியும், விரிசல் விழுந்தால் அதன் கோடும் தெரியும். அவற்றைப் பக்க ஒளிப் படத்தில் மட்டும் வரையுங்கள்.